வெள்ளி ரூபாயும் தங்கப் பவுண்டும்

1871-72இல் ஒரு ரூபாய்க்கு லண்டனில் சராசரியாக 23 பென்ஸ் கிடைத்தது. 1892-93இல் 15 பென்ஸ்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ரூபாயில் வெள்ளி ஒரு குன்றிமணி எடைகூடக் குறைந்துவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் சட்டம் போட்டு வகுத்தபடியே ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. நாணயம் அப்படியே இருக்க, அதன் மதிப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எப்படிக் கரைந்தது?

பவுண்டு தங்கம், ரூபாய் வெள்ளி. விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் காசில் 7.32 கிராம் சுத்தத் தங்கம் இருந்தது. (செம்பும் சேர்ந்து அதன் எடை ஏறத்தாழ 8 கிராம். நம் நகைக்கடைகளில் ஒரு சவரன் 8 கிராம் ஆனது இப்படித்தான்.) ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. ஆகவே ரூபாய்க்கும் பவுண்டுக்கும் இடையிலான மாற்று விகிதம், வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடையிலான விலை விகிதமே. பிரான்ஸ் 1803இலிருந்து ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்தரைப் பங்கு வெள்ளி என்ற கணக்கில் இரண்டையும் நாணயமாக்கி வந்தது. அந்தக் கணக்குப்படி ஒரு பவுண்டுக்குப் பத்தரை ரூபாய்க்குச் சற்று மேல் வரும்.

1870களில் இந்த ஏற்பாடு குலைந்தது. ஜெர்மனி தங்க மார்க்குக்கு மாறி, பழைய வெள்ளிக் காசுகளை உருக்கி விற்றது. பிரான்ஸும் அதன் கூட்டாளி நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதற்கு வரம்பு கட்டின. நெவாடா சுரங்கங்களிலிருந்து புதுவெள்ளி குவிந்தது. ஐரோப்பா வேண்டாமென்ற வெள்ளிக்கு இந்தியாவின் கதவு திறந்தே கிடந்தது. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளுக்கு யார் வெள்ளி கொண்டுபோனாலும், சிறு கட்டணம் கழித்து ரூபாயாக அடித்துத் தருவார்கள். இதனால் வெள்ளி விலை எவ்வளவு இறங்கியதோ அவ்வளவும் ரூபாயும் இறங்கியது.

அடி யார் தலையில் விழுந்தது என்பதுதான் முக்கியம். இந்திய அரசு ஆண்டுதோறும் லண்டனில் பவுண்டில் பெருந்தொகை செலுத்தியாக வேண்டும்: கடன் வட்டி, ரயில்வே கம்பெனிகளுக்கு உத்தரவாதம் தந்த வருவாய், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன். 'ஹோம் சார்ஜஸ்' என்பது அதன் பெயர். பணம் போய்ச் சேர்ந்த வழியைக் கவனிக்க வேண்டும். லண்டனில் இந்தியா மந்திரி 'கவுன்சில் பில்' என்ற உண்டியல்களை ஏலம் விடுவார். இந்தியப் பருத்தியோ சணலோ வாங்கும் வணிகர் பவுண்டு கொடுத்து அதை எடுப்பார். உண்டியல் கப்பலேறி இந்தியாவுக்கு வரும். இங்கே அரசுக் கஜானா வரிப்பணத்திலிருந்து ரூபாயை எண்ணிக் கொடுக்கும். சரக்கு இங்கிருந்து போனது. அதற்கான விலையும் இங்குள்ளவர் கட்டிய வரியிலிருந்தே வந்தது. தாதாபாய் நௌரோஜி வாழ்நாளெல்லாம் பேசிய செல்வச் சுரண்டல் இதுவே.

1892-93இல் இப்படி அனுப்பிய தொகை சுமார் 1.65 கோடி பவுண்டு. அதற்கு 26.5 கோடி ரூபாய் தேவைப்பட்டது. 1873-74இன் விகிதம் நீடித்திருந்தால் 17.75 கோடி போதும். ஒரே ஆண்டில் 8.7 கோடி ரூபாய் கூடுதல் சுமை! ரூபாய் இறங்கியதால் பம்பாய் ஆலைகளின் நூல் சீனாவில் மலிவாக விலைபோனது உண்மைதான். ஆனால் கஜானாவுக்கு அது ஆறுதலாகவில்லை.

1893 ஜூன் 26 அன்று அரசு நாணயச் சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியது. முதலில் ரூபாய் இன்னும் சரிந்தது. பிறகு புது நாணயம் வராமல் தட்டுப்பாடு ஏற்பட, 1898இல் 16 பென்ஸுக்கு ஏறியது. அப்போது அதிலிருந்த வெள்ளியின் விலை சுமார் 10 பென்ஸ்தான். மீதி 6 பென்ஸ் அரசின் முத்திரைக்கும் தட்டுப்பாட்டுக்கும் கிடைத்த மதிப்பு. 1899இல் 15 ரூபாய்க்கு ஒரு சவரன் என்று சட்டமே வந்தது.

இதற்குக் குடியானவர் கொடுத்த விலை பெரிது. அதுவரை ஒரு தோலா வெள்ளிக் கொலுசும் ஒரு ரூபாயும் ஏறக்குறையச் சம மதிப்பு. நல்ல காலத்தில் ரூபாயை உருக்கிக் கொலுசாக்கலாம். பஞ்ச காலத்தில் கொலுசை விற்று ரூபாயாக்கலாம். நாணயச் சாலை மூடியபின் கொலுசு வெறும் வெள்ளியாக நின்றது, ரூபாய் மட்டும் மேலேறியது. 1896-97 பஞ்சத்தில் நகையை விற்கப் போனவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாங்களே தாங்கினார்கள். மூடும் முடிவை நௌரோஜி எதிர்த்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் உலகப்போரில் வெள்ளி விலை எகிறி, 1917இல் ஒரு ரூபாய்த் தாள் பிறந்தது. 1920இல் ரூபாயை இரண்டு ஷில்லிங்கில் நிறுத்தும் முயற்சி படுதோல்வி அடைந்தது. ஹில்டன் யங் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1927இல் 18 பென்ஸ் சட்டமானது. ஆணையத்தில் இருந்த புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், 16 பென்ஸே வேண்டும் என்று மறுப்புரை எழுதினார். வெறும் 2 பென்ஸ் வித்தியாசந்தானே என்று தோன்றும். ஆனால் லண்டன் விலையில் ஒரு பவுண்டு பெறும் பருத்திக்கு 16 பென்ஸ் விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான். கிஸ்தியும் வட்டியும் மட்டும் ரூபாய்க் கணக்கில் அப்படியே இருக்கும். காந்தி 1930 ஜனவரியில் வைஸ்ராய் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், உப்பு வரி ஒழிப்போடு, விகிதத்தை 16 பென்ஸாகக் குறைப்பதும் இடம்பெற்றது இதனால்தான்.

கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டபோதும் ரூபாயை 18 பென்ஸிலேயே பவுண்டோடு கட்டிப்போட்டார்கள். பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து கடனில் மூழ்கிய குடும்பங்களின் தங்கம் பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. நாடு விடுதலை பெற்றது. 1949இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் அதே அளவு குறைத்துக்கொண்டது. பவுண்டுக்கு 13 ரூபாய் 33 பைசா என்ற அந்த 1927ஆம் ஆண்டு விகிதம், 1966 ஜூன் 6 அன்று 21 ரூபாயாகும்வரை அசையவில்லை.