வலிப்புள்ள பிள்ளையும் விளையாட்டு மைதானமும்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தை, மாசி மாதங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும். "ஐயா, இவனுக்கு வலிப்பு வாறது, ஓடவிட வேண்டாம்" என்று வேண்டி வரும் தாய்மாரை அக்காலத்தில் அதிபர் பலரும் காண்பர். பிள்ளையோ வேப்பமர நிழலிலிருந்து பிறருடைய புத்தகப் பைகளுக்குக் காவல் காக்கிறான்.

தாயின் அச்சம் பொருளற்றதன்று. வைத்திய உலகமே ஒருகால் அவ்வாறு எண்ணியதுண்டு. அமெரிக்க வைத்தியச் சங்கம் 1968இல் இப்பிள்ளைகளை உடல் மோதும் விளையாட்டுகளினின்றும் விலக்குமாறு கூறிற்று; 1974இல் அக்கருத்தை மாற்றிக்கொண்டது. வலிப்பு நோய்க்கெதிரான சர்வதேசக் கழகம் 2016இல் விளையாட்டுகளை மூவகையாகப் பிரித்தது. ஓட்டம், உதைபந்து, கரப்பந்து, கிரிக்கெட் ஆகியவை குறிப்பிடத்தக்க மேலதிக ஆபத்தில்லாத முதல் வகை. நீச்சலும் துவிச்சக்கரவண்டி ஓட்டமும் இடைவகை. மலையேறுதல், நீருள் மூழ்குதல் போன்றவை கடைசி வகை. நமது கிளித்தட்டு அப்பட்டியலில் இல்லை. ஆயினும் மண்ணில் ஓடியாடும் அதனை முதல் வகையிற் சேர்ப்பதில் தவறில்லை.

மூளையின் நரம்பணுக்களில் திடீரென எழும் மிகையான மின்கிளர்ச்சியே வலிப்பு. ஓடும்போது அது தோன்றுதல் அரிது. மருந்தைத் தவறவிடுதலும் உறக்கங் கெடுதலுமே அதனைப் பெரிதும் தூண்டுவன. ஒரு சிலர்க்குக் கடும் உழைப்பே தூண்டுதலாதலும் உண்டு. ஆதலின் வைத்தியரின் கருத்தை எழுத்திற் பெறுதல் நன்று. மறுபுறம், மூலையில் இருத்தப்பட்ட பிள்ளை தோழரை இழக்கிறது, மனஞ் சோர்கிறது. சில மருந்துகள் உடல் எடையைக் கூட்டுவன. அசையாதிருப்பின் அது மேலும் கூடும். 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் பாய்ந்து விழுந்து இன்சமாமை ஆட்டமிழக்கச் செய்த தென்னாபிரிக்க வீரர் ஜொன்ரி றோட்ஸ் வலிப்பு நோயுடையவரே.

நம் குடாநாட்டில் அஞ்சவேண்டியது மைதானத்தையன்று, நீரை. கட்டில்லாத தோட்டக் கிணறு, கீரிமலைக் கேணி, கடல் ஆகிய இடங்களில், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்றல் வேண்டும். பிள்ளையைத் தனியே கிணற்றடியிற் குளிக்க விடுவோர் பந்தடிக்க விட அஞ்சுவது வியப்பே!

மைதானத்தில் வலிப்பு வந்தால், கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதாற் பயனில்லை. வாயில் எதனையும் வைத்தல் தீது. இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். தலையின் கீழ் மென்துணி வைத்து, ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. அடங்கித் தெளிந்தால் அன்று இளைப்பாறட்டும். வைத்தியர் தடுக்காவிடின், அவன் பெயரை ஓட்டப் பட்டியலினின்றும் வெட்ட வேண்டுவதில்லை.