காலையில் விரல்கள் ஏன் மடங்க மறுக்கின்றன?

விடிந்ததும் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் இளகுகின்றன. “வயசாகிவிட்டது” என்று இதைத் தள்ளிவிடுவது பெரிய தவறு.

மூட்டுத் தேய்மானத்திலும் காலை விறைப்பு உண்டு. ஆனால் எழுந்து நடமாடினால் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். பிறகு வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதம் நேர்மாறு. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும், அசைய அசையக் குறையும். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உள்சவ்வையே தாக்குகின்றன. சவ்வு தடித்து, நீர் கோக்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் இந்நோயாளிகளின் ரத்தத்தில் பின்னிரவில் ஏறுகிறது. அதை அடக்க வேண்டிய கார்ட்டிசால் போதிய அளவு சுரப்பதில்லை. இரவெல்லாம் அசையாத மூட்டில் நீரும் தேங்கிவிடுகிறது.

பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரேபோல் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். நகத்தை ஒட்டிய கணு மட்டும் பொதுவாகத் தப்பிவிடும். பெண்களுக்கே அதிகம், முப்பது வயதிலும் வரும்.

ரத்தப் பரிசோதனையில் ‘ருமட்டாய்டு காரணி’ இல்லை என்று வந்தாலும் நிம்மதி வேண்டாம். அது இல்லாமலும் முடக்குவாதம் வரும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே எடுத்தால் மூட்டைக் காப்பாற்றலாம். காலை விறைப்போடு வீக்கமும் இருந்தால், வலி மாத்திரையில் நாளைக் கடத்தாமல் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள்.