சூரை வளர்ப்பும் சாளைச் செலவும்

தென் ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கன் என்னும் துறைமுக நகரை அடுத்த கடலில், 1990-களின் தொடக்கம் முதலாக, தெற்கு நீலத்துடுப்புச் சூரை மீன்கள் பெரிய கூண்டு வலைகளுள் கொழுக்க வைக்கப்பட்டு ஜப்பானியச் சந்தைக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. பிடிப்பதற்கான வரம்பு கடுமையாகக் குறைக்கப்பட்டபின், கிடைக்கும் மீனிலேயே அதிக லாபம் ஈட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் பிறந்த தொழில் இது. நடுக்கடலில் இளஞ்சூரைகளைச் சுற்றுவலையால் வளைத்து, கொல்லாமல் மிதவைக் கூண்டுக்கு மாற்றி, மனிதன் நடக்கும் வேகத்தினும் மெதுவாகக் கரையோரத்துக்கு இழுத்து வந்து, சில மாதங்கள் தீனியிடுகிறார்கள்.

அத்தீனி பெரும்பாலும் சாளை. ஒரு கிலோ சூரை மாமிசம் விருத்தியாவதற்கு 10 முதல் 15 கிலோ வரை சாளை செலவாகிறது. இதை வளர்ப்போரின் அஜாக்கிரதை என்று சொல்வதற்கில்லை. இடைவிடாது நீந்தினாலன்றிச் சுவாசிக்க இயலாததும், சுற்றியுள்ள நீரைவிடத் தன் தசைகளை உஷ்ணமாக வைத்துக்கொள்வதுமான ஒரு பிராணி, தின்றதில் பெரும்பகுதியை உடலாக்காமல் எரித்தே தீர்க்கும். கூண்டில் அடைத்தால் அந்தச் சுபாவம் மாறிவிடுமா?

1995-லும் 1998-லும் ஆஸ்திரேலியாவின் தென்கரை நெடுக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு, சாளைகள் ஒருவகை ஹெர்பிஸ் வைரஸால் செத்து ஒதுங்கின. இருமுறையும் நோய் தொடங்கியது தென் ஆஸ்திரேலியக் கடலிலேயே. சூரைத் தீனிக்காக அயல்நாடுகளிலிருந்து உறையவைத்துக் கொண்டுவந்த சாளையோடு அது வந்திருக்கலாம் என்ற சந்தேகம் ருசுவாகவில்லை. ஆயினும், ஒரு சமுத்திரத்தின் பச்சை மீனை மற்றொரு சமுத்திரத்தில் டன் கணக்கில் கொட்டும் வழக்கத்தை நிரபராதமானது என்று கருத எனக்கு மனம் வரவில்லை. உள்ளூர்ச் சாளைப் பிடிப்பையோ, கடலில் மிதக்கும் அதன் முட்டைகளை அளந்து வரம்பிட்டு நடத்துகிறார்கள், அது பாராட்டத்தக்கது.

ஜப்பானின் கிண்டாய் சர்வகலாசாலை 1970-இல் தொடங்கிய பிரயத்தனத்தின் பயனாக, 2002-இல் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பசிபிக் சூரைகள் முட்டையிட்டுச் சந்ததி தந்தன. கடலிலிருந்து குஞ்சு பிடிக்கும் பழிக்கு அது பரிகாரமாயிற்று; தீனிக் கணக்கு மட்டும் தீராமல் நின்றது.

நார்வேயின் சால்மன் வளர்ப்போர் அக்கணக்கைப் பெரிதும் குறைத்திருக்கிறார்கள்: 1990-இல் தீவனத்தில் ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்த கடற்பொருள், 2020-இல் கால் பங்குக்கும் கீழே இறங்கி, அவ்விடத்தைப் பிரேசில் சோயா முதலிய தாவரங்கள் பிடித்துக்கொண்டன. பாரம் கடலிலிருந்து நிலத்துக்கு இடம் மாறியது என்றாலும் சிறுமீன்களுக்கு ஆறுதல் உண்டு. ஆனால் சால்மன் குளிர்ந்த உடலுடையது; அற்பத் தீனியிலேயே சதை வைக்கும். சூரைக்குச் சோயாவைக் கொடுத்தாலும், அதையும் அது எரிக்கத்தான் செய்யும்.