வண்டி ஓட்டுகிறவரே, உங்கள் ஓட்டு எங்கே?

தேர்தல் வந்துவிட்டால் ஸ்ரீராம்புரம் வீதிகளில் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் குறைவே இராது. திறந்த ஜீப்பில் வேட்பாளர் கும்பிட்டபடி வருவார். அவருக்கு முன்னும் பின்னும் கொடி கட்டிய வண்டிகள் வரிசையாக வரும். ஹாரன் அலறும், குழந்தைகள் வாசலுக்கு ஓடி வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மாலையில் கொடி கழற்றப்படும். வண்டிகள் அவரவர் சந்துக்குள் போய்விடும்.

அந்த ஊர்வலத்தில் வண்டி ஓட்டி வந்த இளைஞர் ஒருவரைத் தனியே அழைத்து, "தம்பி, உன் பெயர் இந்தத் தொகுதி வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு ஊர்ல ஓட்டு இருக்குண்ணா" என்பார் ஒருவர். "வீடு மாத்தினதிலே பேரு விட்டுப்போச்சு" என்பார் இன்னொருவர். "அன்னைக்கு வண்டி ஓட்டினால்தானே வரும்படி" என்பார் மூன்றாமவர். ஊர்வலத்துக்கு வண்டி உண்டு. பெட்டியில் ஓட்டு இல்லை!

இதனால் நஷ்டம் யாருக்கு? வேட்பாளருக்கா? இல்லை, வண்டி ஓட்டுகிறவருக்குத்தான். எப்படி என்று பார்ப்போம்.

மில் சங்கு போய் ஹாரன் வந்தது

பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று சங்கு ஊதி ஷிப்டு நடந்த காலத்தில், இந்தப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் வேலைக்குப் போனார்கள். இன்று அந்த மில்கள் இல்லை. ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. 2014 மார்ச் 1 முதல் ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

ஆனாலும் சந்து வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள்தான் கைகால். பீனியா தொழிற்பேட்டைக்குப் போகிற பிட்டர், மெஜஸ்டிக் பக்கம் கணக்கு எழுதப் போகிற குமாஸ்தா, பார்சலும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோருக்கும் வண்டி ஓடினால்தான் பிழைப்பு. பெங்களூரில் பதிவான இருசக்கர வாகனங்கள் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டன. இத்தனை பேர் ஒரு கட்சியாக வேண்டாம். ஒரு கேள்வியைச் சேர்ந்து கேட்டாலே போதும், எந்த வேட்பாளரும் நின்று பதில் சொல்வார்.

குழிக்குப் பொறுப்பு யார்?

காரில் போகிறவருக்குச் சாலைக் குழி ஒரு குலுக்கல். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நூற்றுக்கு 44 பேர் நம்மவர்கள்! குழிகளால் மட்டும் 2013 முதல் 2017 வரை 14,926 பேர் இறந்ததாக 2018-இல் சுப்ரீம் கோர்ட்டில் கணக்கு வந்தபோது, நீதிபதிகளே வேதனைப்பட்டார்கள்.

தெருச் சாலையைப் போடுவதும் குழியை மூடுவதும் மாநகராட்சியின் வேலை. கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால், காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். பெங்களூர் மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்ட் 22-இல் தேர்தல் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10-இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் முழுதாகக் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை; அதிகாரிகளே நிர்வாகம் பார்த்தார்கள். 2025 செப்டம்பர் 2-இல் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது.

இத்தனை காலம் தேர்தல் இல்லாமல் போனபோது ஊர் கொதித்தெழுந்ததா? இல்லை. 2015-இல் தேர்தல் நடந்தபோதே வாக்காளரில் பாதிப்பேர் சாவடிக்கு வரவில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் கூரை ஒழுகுவது அதிசயமா?

2024 ஏப்ரல் 26-இல் நடந்த லோக்சபா தேர்தலிலும் இதே கதைதான். கர்நாடகம் முழுவதும் 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. காந்திநகர், ராஜாஜிநகர் தொகுதிகள் அடங்கிய பெங்களூர் மத்தியத் தொகுதியில் 54 சதவீதம்தான். தெற்கில் 53, வடக்கில் 54. மற்ற ஊர்க்காரர்கள் வெயிலில் நின்று ஓட்டுப் போட்டார்கள்; தலைநகரம் வீட்டில் இருந்துவிட்டது.

நம் வரும்படியை முடிவு செய்வது யார்?

குழி மட்டுமா? வண்டியை நம்பிப் பிழைப்பவரின் வரும்படியும் விதான் சௌதாவில்தான் முடிவாகிறது.

பைக் டாக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அதற்கு முறையான விதிகள் வகுக்காத வரையில் ஓட்டக் கூடாது என்று 2025 ஏப்ரல் 2-இல் கர்நாடக ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. ஜூன் 16 முதல் வண்டிகள் நின்றன. வழக்கு மேல்முறையீட்டில் தொடர்ந்தது; ஓட்டி வந்தவர்களின் அடுப்பு அதுவரை காத்திருக்குமா? ஆட்டோக்காரர்களுக்கும் தங்கள் பிழைப்பைப் பற்றிய நியாயம் உண்டு. இரு தரப்பு நியாயத்தையும் எடை போட்டு விதி வகுக்க வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. அந்த அரசைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் வரிசையில் இருந்தோமா என்பதே கேள்வி.

நல்லதும் நடக்காமல் இல்லை. செயலி வழியாக வேலை செய்யும் தொழிலாளர்களுக்காக 2025-இல் கர்நாடகம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகளிடமிருந்து ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் பெற்று, தொழிலாளர் நல நிதியில் சேர்க்க அதில் வழி இருக்கிறது. இப்படி ஒரு சட்டத்தை 2023-இல் முதலில் செய்த மாநிலம் ராஜஸ்தான். சங்கம் வைத்துக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு ஓட்டு இருந்தது. அதனால் சட்டசபை காது கொடுத்தது.

அபராதமும் அப்படித்தான். ஹெல்மெட் இல்லாமல் போனால் 1,000 ரூபாய் என்று 2019-இல் மத்திய சட்டம் சொன்னது. மக்கள் முணுமுணுத்தார்கள், அதே ஆண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு அதை 500 ஆகக் குறைத்தது.

அமெரிக்காவில் நடந்த கதை

ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தைக் குறைப்போம் என்று 1966-இல் அமெரிக்க மத்திய அரசு கிடுக்கிப்பிடி போட்டது. 1975-க்குள் 47 மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. மோட்டார் சைக்கிள்காரர்கள் சங்கமாகத் திரண்டார்கள். தங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார்கள். நேரில் போய்ப் பார்த்தார்கள். 1976-இல் அந்தக் கிடுக்கிப்பிடியை நாடாளுமன்றமே எடுத்துவிட்டது. பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின.

அவர்கள் கேட்ட விஷயம் சரியா என்றால், சரியல்ல. ஹெல்மெட் போனதும் சாவு கூடியது. அந்தப் பாடம் நமக்கு வேண்டாம். தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் போடுங்கள். ஆனால் எண்ணிக்கையில் சிறிய ஒரு கூட்டம், ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நாடாளுமன்றமே திரும்பிப் பார்க்கும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அந்தப் பலத்தை நல்ல சாலைக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் நாம் பயன்படுத்துவோம்.

ஊர் ஓட்டா, இங்கே ஓட்டா?

நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். தர்மபுரியிலோ, வேலூரிலோ, திருவண்ணாமலையிலோ பிறந்த வீடு இருக்கிறது. பெயரும் அங்கே இருக்கிறது. வருடத்தில் பதினொரு மாதம் இருப்பது ஸ்ரீராம்புரத்தில். எது நம் தொகுதி?

சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவருக்கு ஓட்டு. ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது கூடாது. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

"ஊரில் பெயர் இருக்கட்டும், என்ன கெட்டுப்போகிறது?" என்று இருந்தவர்களுக்கு 2025-இல் ஓர் எச்சரிக்கை வந்தது. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரமாகத் திருத்தப்பட்டு, டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வெளியானது. அதில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. வீடு மாறிப் போனவர்கள், விலாசத்தில் இல்லாதவர்கள் என்று விடுபட்டவை மட்டும் 66 லட்சத்துக்கு மேல். பிழைப்புக்கு வெளியூர் போனவர்களே, உங்கள் பெயர் ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் நீங்கள் எந்த ஊர்க் குடிமகன்?

இன்றே பாருங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. ஊரிலிருந்து இங்கே மாற்றவும், வீடு மாறினாலும், பெயரில் பிழை இருந்தாலும் படிவம் 8. 18 வயது கணக்குக்கு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தேதிகள் உண்டு. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இங்கே பட்டியல் கன்னடத்தில் இருக்கும். தமிழ்ப் பெயரும் இனிஷியலும் அதில் உருமாறி விழுவது உண்டு. கன்னடம் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வரி படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டைப் பையில் இருக்கும் சீட்டு

வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால், நீங்கள் தினமும் பையில் வைத்திருக்கும் டிரைவிங் லைசென்சைக் காட்டியே ஓட்டுப் போடலாம். தேர்தல் கமிஷன் ஏற்கும் அடையாளச் சான்றுகளில் அதுவும் ஒன்று.

வேலை நாள் போகுமே என்கிறீர்களா? கம்பெனியிலோ கடையிலோ வேலை செய்கிற வாக்காளருக்கு ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு உண்டு. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். செயலி வழியே வண்டி ஓட்டுகிறவர் காலை 7 மணிக்கே முதல் ஆளாகப் போய்விட்டால் நாளும் கெடாது, வரும்படியும் கெடாது. மாலையில் நேரம் முடிவதற்குள் வரிசையில் சேர்ந்துவிட்டாலும் போதும். சீட்டுக் கொடுத்து ஓட்டுப் போட விடுவார்கள்.

ஊர்வலத்துக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம், கட்சி அபிமானம் அவரவர் உரிமை. ஆனால் சட்டம் தெரிந்து போங்கள். மோட்டார் சைக்கிள் கும்பல்கள் வாக்காளர்களை மிரட்டுகின்றன என்ற புகார்களை வைத்து, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தேர்தல் நடந்த 2021 மார்ச்சில், ஓட்டுப்பதிவுக்கு முந்தைய 72 மணி நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஊர்வலமே கூடாது என்று தேர்தல் கமிஷன் உத்தரவு போட்டது. சிலர் செய்த முரட்டுத்தனத்தால் எல்லா வண்டிக்காரருக்கும் கெட்ட பெயர்!

ஓட்டுப்பதிவு நாளில் உங்கள் அம்மாவை, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போவதில் தவறில்லை. ஒரு வேட்பாளருக்காக வாக்காளர்களை இலவசமாக ஏற்றி இறக்குவது குற்றம்; மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஓட்டுக்காகப் பெட்ரோலோ பணமோ கை மாறினால், கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் குற்றவாளிதான். இரண்டு லிட்டர் பெட்ரோல் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். விற்ற ஓட்டு ஐந்து வருடம் திரும்ப வராது.

ஓட்டோடு நிற்காதீர்கள்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அரை மணி நேரத்தில் வார்டு முழுவதும் சுற்றி வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நண்பர்கள் சேர்ந்து, தெருவுக்கு ஒருவராகப் பெயர் விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்கலாம். படிவம் எழுதத் தெரியாத பாட்டிக்கு எழுதிக் கொடுக்கலாம். கட்சியில் இருப்பவர் பூத் ஏஜெண்டாக உட்காரலாம். துணிந்தவர் தேர்தலில் நிற்கவும் செய்யலாம்: சட்டசபைக்கு நிற்கும் சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும், டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு அதில் பாதி.

ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சி வந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தெருக் குழியை எத்தனை நாளில் மூடுவீர்கள்? வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? வண்டி நிறுத்த இடம் எங்கே? பதிலைக் குறித்து வையுங்கள். அடுத்த தேர்தலில் அதையே திருப்பிக் கேளுங்கள்.

தோழர்களே! வண்டி எடுக்கும்முன் பெட்ரோல் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கும் ஓட்டு உண்டு. அதைப் போட்டால்தான் உண்டு!