பேச்சு சோறு போடுமா?

சென்ற பொங்கல் விழாவில் குழந்தைகளின் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அமர்த்தினார்கள். போட்டி முடிந்ததும் ஒரு தந்தை என்னிடம் வந்து, "சார், பையன் ஒரு மாதமாகப் பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டு இதையே மனப்பாடம் செய்தான். பேச்சு சோறு போடுமா?" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் சித்தூரில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகராக இருந்த ஊர் என்பதால், அங்கே இது அதிசயமில்லை. கட்டமஞ்சிப் பக்கம் போகும்போதெல்லாம் என் தந்தையார், "இது சி.ஆர். ரெட்டியின் ஊர்" என்பார். அவர் யார் என்று நான் கேட்டதில்லை. கல்லூரிப் படிப்புக்குத் திருப்பதி போன பிறகே தெரிந்துகொண்டேன்.

கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி 1880-ல் பிறந்தவர். சித்தூரில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் சென்று வரலாறு படித்தார். அங்குள்ள புகழ்பெற்ற யூனியன் விவாத மன்றத்தில் வெள்ளைக்கார மாணவர்களோடு வாதாடி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தாயகம் திரும்பிப் பரோடாவில் சில காலம் பணியாற்றினார். பின்னர் மைசூர் மகாராஜா கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர், முதல்வர், அதன்பின் அந்த சமஸ்தானத்தின் கல்வித்துறைத் தலைவர் என உயர்ந்தார். ஆக, பேச்சு சோறு போட்டது, நன்றாகவே போட்டது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அரசியலில் இறங்கி நீதிக்கட்சியில் சேர்ந்தார்; பிறகு அதிலிருந்து பிரிந்தார். 1923 நவம்பரில் சென்னைச் சட்டசபையில் பனகல் அரசரின் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். விவாதம் நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது. 65-க்கு 44 என்று தீர்மானம் தோற்றது. எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் வாக்குகளை எண்ணும்போது தோற்கக்கூடும்.

1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனார். 1930-ல், சட்டமறுப்பு இயக்கத்தின் மீது அரசு ஏவிய அடக்குமுறையைக் கண்டித்து அந்தப் பதவியையே துறந்தார். அடுத்து அங்கே அமர்ந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். சிறுவயதில் திருப்பதி மிஷன் பள்ளியில் படித்தவர்! 1936-ல் ரெட்டி மீண்டும் துணைவேந்தராகி, 1949 வரை இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வளர்த்த பல்கலைக்கழகம் தூரத்து வால்டேரில் அமைந்ததில் ராயலசீமைப் பக்கத்தாருக்கு மனக்குறை. 1945-ல் தேவஸ்தானம் திருப்பதியில் தொடங்கிய வெங்கடேஸ்வரா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்தது. அவருடைய சொந்தச் சீமைக்கென்று திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் பிறந்தது 1954-ல். அதைப் பார்க்க அவர் இல்லை; 1951-லேயே காலமாகிவிட்டார். நான் படித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

அந்தத் தந்தைக்கு இப்போது சொல்கிறேன். பேச்சு சோறு போடும் ஐயா. ஆனால் அதற்காக மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டாம். சொன்ன சொல்லுக்காக ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்து வர வேண்டியிருக்கும். தங்கள் மகன் மேடையில் மூன்றாவது வரியை மறந்து விழித்தான். ஆனாலும் இறங்கி ஓடவில்லை. சொந்தமாக இரண்டு வரி சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தான். நான் மதிப்பெண் போட்டது அதற்குத்தான்.