வராத பாக்கியும் மறவாத ஊரும்

நம்மில் யாருடைய பேரேட்டை எடுத்தாலும் பல வருடமாக வராத பாக்கி ஒன்று இருக்கும். அடித்துவிட மனம் வராது. கேட்கவும் வாய் வராது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் நமக்கு நினைவுக்கு வருபவர் ஜான் எரிக்சன் என்ற பொறியாளர்.

1803-ல் ஸ்வீடன் நாட்டின் வார்ம்லாந்து மாகாணத்தில், லாங்பான் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பனார் ஊக வியாபாரத்தில் கைமுதலை இழக்கவே, குடும்பம் யோத்தா கால்வாய் வேலைக்குப் பிழைக்கப் போயிற்று. ஜானும் அண்ணன் நில்சும் தொழில் கற்றது அங்கேதான். நில்ஸ் சொந்த நாட்டிலேயே தங்கி ரயில் பாதைகள் அமைத்தார். ஜான் 1826-ல் இங்கிலாந்து சென்றார். அங்கே கடனுக்காகச் சிறையும் கண்டார். 1839-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்கக் கடற்படைக்காக, நீருக்கடியில் சுழலும் விசிறியால் ஓடும் பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலை வடிவமைத்துக் கொடுத்தார். 1844-ல் அந்தக் கப்பலில் ஒரு பீரங்கி வெடித்து இரண்டு மந்திரிகள் உட்பட ஆறு பேர் மாண்டனர். வெடித்த பீரங்கி எரிக்சன் செய்ததல்ல. ஆனாலும் பழி அவர் மேல் விழுந்தது. சுமார் 15,000 டாலருக்கு அவர் கொடுத்த பில் நின்றுபோனது. பிற்பாடு வழக்கு அவர் பக்கம் தீர்ந்தும், பணத்தை ஒதுக்க வேண்டிய நாடாளுமன்றம் ஒதுக்கவில்லை. ஆயுள் முழுவதும் அது வராத பாக்கிதான்.

அதே வாடிக்கையாளர் 1861-ல் உள்நாட்டுப் போர் நெருக்கடியில் மீண்டும் வந்தார். நாமாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்போம். இந்தப் பேரத்தை முடித்து வைத்தவர் கார்னீலியஸ் புஷ்னெல். மளிகை வியாபாரத்திலிருந்து ரயில்வேக்குப் போனவர் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. விலை 2,75,000 டாலர். ஒவ்வொரு தவணையிலும் கால் பங்கை அரசு பிடித்து வைத்துக்கொள்ளும். கப்பல் சரிப்படாவிட்டால் வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இப்படி ஒரு நிபந்தனையை நாம் எந்த மொத்த வியாபாரியிடமும் கேட்டதில்லை! எரிக்சனும் கூட்டாளிகளும் கையெழுத்துப் போட்டனர். சுமார் நூறே நாளில் மானிட்டர் என்ற இரும்புக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. 1862 மார்ச் 9-ல் தென்தரப்பின் இரும்புக் கப்பலை மறித்து நிறுத்தியது.

பெயரும் பணமும் வந்தபோது அவர் மனம் போனது ஸ்வீடனுக்குத்தான். அந்த நாட்டுக் கடற்படை இதே மாதிரியில் கப்பல் கட்ட முனைந்தபோது, முதல் கப்பலுக்கு வேண்டிய இரண்டு பெரிய பீரங்கிகளைத் தம் செலவில் கொடுத்தார். கப்பலுக்கு அவர் பெயரையே வைத்தனர். லாங்பான் ஊராரும் அவர் உயிரோடிருக்கும்போதே, பிறந்த வீட்டருகே கல் நாட்டினர்.

அந்தக் கல்லை அவர் பார்க்கவேயில்லை. 1848-லேயே அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். வேலை, வேலை என்று நியூயார்க்கிலேயே கிடந்தார். ஒரு நடை போய்வந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றாமலில்லை.

1889 மார்ச் 8-ல், 85-ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார். மறு வருடம் அமெரிக்க அரசு பால்டிமோர் என்ற போர்க்கப்பலில் அவர் உடலை ஸ்வீடனுக்கு அனுப்பியது. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள பிலிப்ஸ்டாட் நகரில் அடக்கம் செய்தார்கள்.