கல்மரமும் ஆறு நாட்களும்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போன ஊர். அதே மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தனூரில், சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. 1940-ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். அதன் வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள் என்பர். நிலத்தின்மீது கடல் ஏறிவந்த அப்பழங்காலத்தில் அம்மரம் சேற்று மணலில் புதையுண்டு, காலப்போக்கில் கல்லாயிற்று. காரை முதலிய சுற்றுப்புறங்களில் கடற்சிப்பிகளின் கற்படிவங்கள் இன்றும் அகப்படுகின்றன.

பள்ளிச் சுற்றுலாவில் இம்மரத்தைக் காணும் நம் பிள்ளை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இறைவன் ஆறு நாட்களில் அனைத்தையும் படைத்தார் என்று கேட்கிறது. "எது உண்மை?" என்று வீட்டில் வினவுகிறது. பெற்றோர் சிலர் அதட்டி வாயடைக்கின்றனர். வேறு சிலர், "எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தின் வேலை" என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். பின்னாளில் கல்லூரியில் அவ்விடை உடையும்போது, அதனோடு விசுவாசமும் உடைந்துபோகக் கூடும். ஆகவே இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது.

வெள்ளம் விடையாகுமா?

ஒரே வெள்ளம் அடித்து வந்திருந்தால் எல்லா உயிரினங்களும் கலந்து கிடக்கவேண்டும். இங்கோ அடுக்கின்மேல் அடுக்காகப் பாறைகள் படிந்துள்ளன. ஓர் அடுக்கில் காணப்படும் சிப்பி வகை மற்றோர் அடுக்கில் இல்லை. அடியிலுள்ள அடுக்கே முந்தியது என்னும் விதியை 1669-இல் எடுத்துரைத்தவர் டென்மார்க்கு நாட்டு நிக்கோலாஸ் ஸ்டீனோ. அவர் கத்தோலிக்கராகி, குருவாகி, 1677-இல் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பாறைகளின் வரலாற்றைப் படிக்கக் கற்றுத்தந்தவரே திருச்சபையின் ஆயர் என்றால், அந்த அறிவியலுக்கு நாம் அஞ்சுவானேன்?

திருச்சபையின் போதனை

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒளி முதல் நாளிலும், கதிரவன் நான்காம் நாளிலும் உண்டாகின்றன. அங்கே மனிதனுக்கு முன்னரே செடிகொடிகள் முளைக்கின்றன. இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் முந்துகிறான். இவ்விரண்டையும் அருகருகே வைத்த திருநூல் ஆசிரியர், நாட்கணக்கு எழுதப் புறப்படவில்லை என்பது தெளிவு. புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே, இந்நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ளத் தயங்கினார். உலக இயல்பைப்பற்றிக் கிறிஸ்தவர் அறியாமையால் பிதற்றினால், நாம் உரைக்கும் உயிர்ப்பையும் பிறர் நம்பமாட்டார்கள் என்று எச்சரித்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-இலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலும், ஆசிரியர் கருதிய பொருளையும் அவர் கையாண்ட இலக்கிய வகையையும் ஆராய்ந்து படிக்கவேண்டுமெனப் போதித்தன.

ஆண்டவர் கடுகை எல்லா விதைகளிலும் சிறியதென்றார். அதனினும் சிறிய கீரை விதையைச் செட்டிகுளத்துத் தாய்மார் கையாலேயே தூவியிருக்கின்றனர். அதனால் ஆண்டவர் பொய்யுரைத்தார் என்று எவரும் சொல்லார். விதை நூல் கற்பிக்க அவர் வரவில்லை என்பதை யாவரும் அறிவர்.

உயிர்ப்பும் உவமைதானோ?

"ஆறு நாட்கள் எழுத்துப்படி அல்லவென்றால், உயிர்ப்பும் அப்படித்தானோ?" என்று சிலர் கலங்குவர். கலக்கம் வேண்டாம். படைப்பைக் கண்ட சாட்சி எவரும் இல்லை. அது விசுவாசப் பாடலைப் போன்ற எடுத்துரைப்பு. உயிர்த்த ஆண்டவரையோ கண்டவர்கள் உண்டு. புனித லூக்கா கண்கூடான சாட்சிகளை ஆதாரமாகக் கொண்டு எழுதுவதாக முன்னுரையிலேயே கூறுகிறார். பாட்டைப் பாட்டாகவும், சாட்சியத்தைச் சாட்சியமாகவும் கொள்வதே திருநூலுக்கு நாம் செய்யும் மரியாதை.

வாழ்ந்து காட்டும் வாசிப்பு

நாட்களை எண்ணி வாதிடுவோர், அந்த அதிகாரங்கள் நம்மிடம் கேட்பதை மறந்துவிடுகின்றனர். ஏழாம் நாளின் ஓய்வு வேலையாளுக்கும் மாட்டுக்கும் உரியதென்று யாத்திராகமம் கட்டளையிடுகிறது. வெங்காய அறுவடைக் காலத்தில் நம் வயலில் குனிந்து நிற்கும் கூலிப்பெண்ணுக்கு அந்த ஓய்வும், குறையாத கூலியும் கிடைக்கின்றனவா? தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அமர்த்தப்பட்டான். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் இப்பகுதியில், நிலத்தையும் நீரையும் காக்க நாம் என்ன செய்தோம்? ஆதியாகமத்தை எழுத்துப்படி ஏற்றவர் யார் என்பதை இக்கேள்விகளுக்கு நாம் தரும் விடையே காட்டும்.

அன்புப் பெற்றோரே! பிள்ளை வினவும்போது அதட்டாதீர்கள். கல்மரத்தின் அருகே அழைத்துச்சென்று, "இதற்கு இத்தனை கோடி ஆண்டுகளை அளித்தவரும் நம் இறைவனே" என்று சொல்லுங்கள். எப்போது, எவ்வாறு என்பதைப் பாறை சொல்லட்டும். யாரால், எதற்காக என்பதைத் திருநூல் சொல்லும். இரண்டையும் எழுதிய கை ஒன்றே.